அக்காவின் மகோகனி

எங்கள் மாவட்டத்தில் எது கெட்டுப்போனாலும் யுத்தத்தின் தலையில் கட்டிவிடலாம். கிணறு உவர்த்தால் யுத்தம், மருமகன் குடித்தால் யுத்தம், காணி உறுதிப் பத்திரம் காணாமல் போனால் யுத்தம். முக்கால்வாசி உண்மையும்தான். அதனால் மிச்சக் கால்வாசிக்குள் ஒளிந்துகொள்ள என்னைப் போன்றவர்களுக்கு வசதியாக இருந்தது. நான் ஒளிந்த கதையைத்தான் எழுதுகிறேன். இதில் நல்ல மனிதர் ஒருவர்தான் வருகிறார். கேடு வந்ததும் அவருக்குத்தான்.

அப்பா வள்ளம் கட்டுகிறவர். ஊர் சம்பூருக்கு இந்தப் பக்கம், குடாக் கரையில். எதிர்க்கரையில் திருகோணமலைத் துறைமுகம், நடுவில் எப்போதும் ஒரு கப்பல் நிற்கும். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது பங்குச் சுவாமி எங்கேயோ மழை பெய்கிற ஊருக்குப் போய் ஒரு கட்டு மகோகனிக் கன்று கொண்டுவந்தார். மரத்தோடு வேலை செய்கிறவர் என்று அப்பாவுக்கு முதலில் நீட்டினார். அப்பா இரண்டை எடுத்தார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், அதனால் இரண்டு கன்று. ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. கலியாணம் கட்டும் வயது வரும்போது அவரவர் வீட்டுக் கதவுக்கு அவரவர் மரம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

மகோகனி எங்கள் மண்ணின் மரம் அல்ல. கடல் கடந்த ஏதோ மழைக்காட்டிலிருந்து வந்த சாதி, வருடம் முழுக்க மழை குடித்துப் பழகியது. எங்களுக்கோ மழை என்றால் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும்தான். வைகாசியில் கச்சான் காற்று கிளம்பினால் முகத்துத் தோலே உரிந்துவிடும். அதனால் அப்பா இரண்டு கன்றையும் வாழைக்கும் முருங்கைக்கும் நடுவில் நட்டார். சின்ன வயதில் அதற்கு நிழல் வேண்டும். நிழலில் நின்றால் வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு நேராக மேலே போகும். வெட்ட வெளியில் நட்டால் தளிர்ப்புழு கண்டுபிடித்துவிடும். அடியில் ஓட்டை போட்ட மண்முட்டியில் சீலைத் துண்டை அடைத்துக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து வைத்தார். பள்ளிக்கூடம் போகுமுன் முட்டியை நிரப்பிவிட்டுப் போகவேண்டும். என் முட்டியை நான் நிரப்பினேன், அக்காவின் முட்டியை அக்கா நிரப்பினாள். தவறினால் பூவரசங் கம்பு.

அந்தத் தளிர்ப்புழுவைப் பற்றிச் சொல்லவேண்டும். மகோகனியின் உச்சித் தளிருக்குள் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். வெளியில் தெரிவது ஒரு சின்ன ஓட்டையும் வாசலில் கொஞ்சம் மரத்தூளும்தான். ஒரு கிழமை கவனிக்காமல் விட்டால் உச்சி கருகிப்போகும். கருகினால் பக்கத்தால் இரண்டு மூன்று தளிர் கிளம்பும். அப்போது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளி எறியவேண்டும். எறியாவிட்டால் மரம் இரண்டாகப் பிரிந்து கவராகிப் போகும். கவர் விழுந்த மரத்தில் கதவுக்கு ஏற்ற நீளப் பலகை எடுக்க ஏலாது. இதை அப்பா எங்கள் இருவரையும் நிற்க வைத்து ஒருதரம் சொன்னார். எதையும் இரண்டாம் தரம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

மூன்றாம் வருடம் வெருகல் பக்கம் ஒரு வள்ளத்து வேலை வந்து அப்பா இரண்டு மாதம் அங்கேயே தங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் புழு வந்தது. அக்கா தன் கன்றில் ஓட்டையைக் கண்டு, அப்பாவின் உளியால் உச்சியைச் சீவி, வந்த தளிரில் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டாள். நான் காணவில்லை. தண்ணீர் ஊற்றினேன், ஆனால் அண்ணாந்து பார்க்கவில்லை. அப்பா திரும்பி வந்தபோது என் மரம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. அப்பா என்னை அடிக்கவில்லை. மரத்தைப் பார்த்து, "இது விறகு" என்றார், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் நான் அக்காவிடம் கேட்டேன்.

"என்ர கண்டிலயும் புழு இருந்தது உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் சொல்லேல்ல?"

"நீயாக் காணுறியோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

அவளுக்குப் பதினைந்து வயது. முகத்தில் ஒரு கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. உலையில் அரிசி வெந்துவிட்டதா என்று பார்க்கிற முகம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் பட்டப்பெயர் விறகு. வள்ளம் பழுது பார்க்க வருகிறவர்களை அப்பா வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். "இது மூத்தவ. இது இளையவ." அவர்கள் நேராகப் போன மரத்தைப் பார்ப்பார்கள், பிறகு கவரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு வருடம் பொறுத்தேன்.

எங்கள் ஊர் வேதக்காரருக்குப் பெரிய வெள்ளியன்று சுத்தியல் தொடக்கூடாது. ஆண்டவருக்கு ஆணி அடித்த நாளில் ஒருவரும் ஆணி அடிப்பதில்லை. அப்பா முதல் நாளே சுத்தியல்களை எல்லாம் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார். கோயில் மணியும் அடிக்காது, மணிக்குப் பதில் கட்டையைத் தட்டுவார்கள். ஊர் முழுக்கச் சிலுவைப்பாதையில் போகும். அந்த வருடம் நான் காய்ச்சல் என்று பாயில் படுத்துக்கொண்டேன். எல்லோரும் போன பிறகு பெட்டியைத் திறந்து சுத்தியலையும் வள்ளத்துக்கு அடிக்கிற சதுர ஆணிகளையும் எடுத்தேன். மூன்று ஆணி என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் கையில் வந்தது நான்கு.

மரத்துக்கு இரும்பு அடித்தால் பட்டுப்போகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். அக்காவின் மரம் அப்போது என் கால் பருமன் இருக்கும். என் நெஞ்சு உயரத்தில் நான்கு ஆணியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடித்தேன். தலை வெளியே தெரியாமல் உள்ளே இறக்கினேன். அது அப்பா வள்ளத்துக்குச் செய்கிற முறை, பார்த்துப் பார்த்துப் பழகிய கை. பிறகு வள்ளத்துக்குப் பூசுகிற கீலை எடுத்துக் காயத்தின் மேல் பூசிவிட்டு, பாயில் போய்ப் படுத்தேன். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே உடம்பு சுட்டது. சந்தோஷத்தில்தான்.

இரண்டு நாள் கழித்து அப்பா மரத்தில் கீலைக் கண்டார். "ஆர் இது பூசினது?" என்று சத்தம் போட்டார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அக்கா வந்தாள்.

"நான்தான் அப்பா. புழு துளைச்சிருந்தது."

அப்பா அவளுடைய தலையைத் தடவினார். நல்ல பெயரை எங்கே கிடைத்தாலும் பொறுக்கிக்கொள்கிறாள், மற்றவள் பூசிய கீலுக்குக்கூடச் சொந்தம் கொண்டாடுகிறாள் என்று நான் நினைத்தேன். அவள்மேல் இருந்த வெறுப்பு இன்னும் கூடியது. ஆனால் மரம் பட்டுப்போகவில்லை. பட்டை மூடி, ஆணியை விழுங்கிவிட்டு, அது தன் பாட்டில் வளர்ந்தது.

பிறகு யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடவேண்டி வந்தது. அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத எங்கள் ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். அப்பா ஓடிய இடத்திலேயே கண்ணை மூடினார். நான் திருகோணமலை நகரத்தில் ஒரு கடைச் சிப்பந்தியைக் கலியாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டேன். என் வீட்டுக் கதவு கடையில் வாங்கிய ஒட்டுப்பலகை, உப்புக்காற்றில் ஊதிப்போய் மாரியில் மூடாது, கோடையில் திறக்காது. பல வருடம் கழித்து இராணுவம் ஊரைத் திறந்துவிட்டபோது அக்கா புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. முருங்கை இல்லை, என் கவர் மரம் இல்லை. யாரோ தறித்து எரித்திருப்பார்கள். விறகு என்று அப்பா சொன்னது பலித்துவிட்டது. அக்காவின் மகோகனி மட்டும் கட்டிப்பிடிக்க ஏலாத பருமனில், தென்னை உயரம் வரைக்கும் ஒரு கொப்பும் இல்லாமல் நேராக நின்றது.

அதன் காய்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பங்குனியில் வெடித்து, ஒற்றைச் சிறகு வைத்த விதைகள் சுழன்று சுழன்று முற்றம் முழுக்க விழும். அக்காவுக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு மருந்தாக அந்த விதையைத்தான் காலையில் மென்று விழுங்குவாள். வேப்பங்காயைவிடக் கசப்பு. நான் ஒருதரம் வாயில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் துப்பினேன். அவள் முகத்தைச் சுளிக்காமல் மென்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டைக் கொஞ்சம் பெருப்பித்துக் கட்டி, முன்கதவை அப்பாவின் மகோகனியில் போடுவதென்று அக்கா முடிவெடுத்தாள். மரத்தைத் தறிக்கக் கிராம சேவகரின் கடிதம், லொறியில் ஏற்ற இன்னொரு கடிதம் எல்லாம் எடுத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தாள்.

"கிண்ணியா மரக்காலைக்குக் கொண்டுபோறன். நீயும் வா."

"நான் என்னத்துக்கு?"

"அப்பான்ர மரம். உனக்குப் பாக்க ஆசையில்லையோ?"

அந்தக் கிழமை முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆணி உள்ளே இருப்பது எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை. மரம் மேலே வளரும், அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும். சொல்லவேண்டியது ஒரு வசனம்தான். "அக்கா, சின்ன வயசில நான் அதில ஆணி அடிச்சனான்." சொன்னால் அந்த நீளத்தைத் துண்டாக அறுத்து எடுத்துவிட்டு மிச்சத்தை அரிவார்கள். அடித்துண்டு ஒன்று வீணாகும், வேறொன்றும் இல்லை. ஆனால் ஐம்பது வயதை எட்டிப்பிடிக்கிற நான் அவளுக்கு முன்னால் மறுபடியும் விறகாக நிற்கவேண்டும். கண்ணாடிக்கு முன்னால் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். வாயில் வந்தது. மனம் வரவில்லை.

மரக்காலை வீதியோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை. நடுவில் இரண்டு பெரிய சில்லு, அவற்றைச் சுற்றி நாடா மாதிரி ஓடுகிற வாள். சுவரில் அறுந்துபோன வாள் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வாள் பிடிக்கிறவர் குறிஞ்சாக்கேணிக்காரர், அறுபது வயது இருக்கும், தாடி முழுக்க மரத்தூள். முஸ்லிம் மூத்தவர்களை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மரத்தின் பட்டையைப் பார்த்தே உள்ளே இரும்பு இருக்கிறதா என்று சொல்லுவார் என்று அந்தப் பக்கத்தில் அவருக்குப் பெயர். எங்கள் பகுதியிலிருந்து வருகிற மரத்தை மற்ற மரக்காலைகளில் தொடவே மாட்டார்கள். எதற்குள் என்ன துண்டு இருக்கும் என்று யாருக்குத் தெரியும். இவர் மட்டும் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தடவி, தட்டி, காதை வைத்துக் கேட்டு, பிறகு எடுப்பார்.

எங்கள் மரத்தையும் அப்படித்தான் பார்த்தார். ஒவ்வொரு சாணாகத் தடவினார். முப்பது வருடத்துப் பட்டையின் மேல் அவருக்கு என்ன கிடைக்கும்? திருப்திப்பட்டார். ஆனாலும் அந்த மரக்காலையில் ஒரு வழக்கம் இருந்தது. மரத்துக்குச் சொந்தக்காரர் மரத்தின் தலைமாட்டில் வந்து நின்று, அவர் கேட்பதற்குப் பதில் சொல்லவேண்டும். பதில் வராமல் மோட்டரைப் போடமாட்டார்.

"வளவு மரமா, வேலி மரமா?"

"வளவு மரம் காக்கா," என்றாள் அக்கா.

"ஷெல் விழுந்த வளவா?"

"வளவுக்குள்ள விழேல்ல. பின்னால வயலுக்க விழுந்தது."

"சரி. ஆணி, கம்பி, ஊஞ்சல் கொளுக்கி, ஏதும் அடிச்சயளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க புள்ள. இந்த வாள் இரும்பில பட்டா அறுந்து பறக்கும். அந்தா தொங்குது பாருங்க, அது இங்க வேல செஞ்ச ஒரு பொடியன்ட ரெண்டு விரலோட போனது."

அக்கா முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். செருகிவிட்டு என்னைப் பார்த்தாள். அவர் அக்காவின் கண் போன பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். மரத்தூள் படிந்த இமைக்குள்ளே இரண்டு பழுப்புக் கண்கள், பொறுமையாக.

"இல்ல காக்கா," என்றேன் நான். "ஒண்டும் அடிக்கேல்ல."

அவர் பிஸ்மி சொல்லி மோட்டரைப் போட்டார்.

முதல் சீவலில் பட்டை போனது. இரண்டாவதில் சிவப்பு தெரிந்தது. மகோகனி அரியும்போது ஒரு வாசம் வரும், இனிப்பும் காரமுமாக, மூக்கு அரித்துத் தும்மல் வரும். மூன்றாவது பலகை பாய் விரித்த மாதிரி விழுந்தபோது அவரே வாயைத் திறந்து, "மாஷா அல்லாஹ், என்ன பலகை!" என்றார். நான்காவதில் வாள் வைரத்துக்குள் போனது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவேளை துருப்பிடித்து இல்லாமல் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம்கூடக் கையைத் தூக்கி நிறுத்துங்கோ என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

சத்தம் மாறியது. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு ஆகாயம் கிழிந்த மாதிரி ஒன்று. வாள் அறுந்து கூரைத் தகரத்தில் அடித்துக் கீழே விழுந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மரத்தூளுக்குள் உட்கார்ந்தார். விரல்களுக்கு இடையால் இரத்தம் வந்தது. அவர் கத்தவில்லை. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாளின் பல்லொன்று உடைந்து இடது கண்ணுக்குள் போயிருந்தது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். மரக்காலைச் சொந்தக்காரர், "என்ன இது, என்ன இருந்தது உள்ளுக்க?" என்று கத்தினார். முதலில் பதில் சொன்னது அக்காதான்.

"ஷெல் துண்டாத்தான் இருக்கும்."

அவள் சொன்ன பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். ஷெல் துண்டு. ஆளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். மரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும்தான் மிஞ்சினோம். நான் குனிந்து பார்த்தேன். அறுத்த முகத்தில் நீலக் கறுப்பாக மை ஊறிய மாதிரி ஒரு கறை, அதன் நடுவில் பளபளவென்று என் ஆணி. அப்பாவின் ஆணி. ஒரு பிடி மரத்தூளை அள்ளி அதன் மேல் போட்டு அமுக்கினேன். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காணவில்லை என்று நினைத்தேன்.

கண் போய்விட்டது. நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு நான் இரண்டு தரம் தோடம்பழம் கொண்டு போனேன். போனதெல்லாம் அவரைப் பார்க்கவா, அல்லது அவர் ஏதும் சந்தேகப்படுகிறாரா என்று பார்க்கவா என்று என்னைக் கேட்டால் பின்னதைத்தான் சொல்லுவேன். கட்டுப் போட்ட முகத்தோடு அவர் என்னை ஆறுதல்படுத்தினார்.

"நீங்க என்ன செய்ற புள்ள. சண்டை செஞ்ச வேல. எத்தனையோ பேர்ர உசிரு போச்சு, எனக்கு ஒரு கண்தானே."

நான் அழுதேன். அந்த அழுகையைப் பார்த்துத் தாதியும் எனக்குத் தண்ணீர் தந்தாள். வெளியே வந்து பஸ்ஸில் ஏறியதும், தப்பிவிட்டேன் என்று ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க விருப்பமில்லை. வந்தது.

மரத்தை மரக்காலைக்காரர் வெளியே தள்ளிவிட்டார். அக்கா அதைத் திரும்ப ஊருக்குக் கொண்டுபோய், ஒரு தச்சரைப் பிடித்துக் கைவாளால் பிளப்பித்தாள். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாளாம். கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் நான் போனபோது கதவு நிலையில் ஏறியிருந்தது. நல்ல கதவு, சிவந்து, வழுவழுவென்று இருந்தது. நடுப் பலகையில் நெஞ்சு உயரத்தில் கறுப்புக் கறை, அதற்குள் ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு சின்ன ஓட்டைகள். அந்தப் பலகையைப் பின்கதவுக்குப் போட்டிருக்கலாம், அடுப்புக்குள் வைத்திருக்கலாம். அக்கா அதை வாசலில் போட்டிருந்தாள். வருகிறவர்களுக்கு, "ஷெல் பட்ட மரம்" என்று சொல்லுவாள். கொழும்பிலிருந்து வந்த யாரோ அந்தக் கறையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். என் கைவேலை எங்கோ ஒரு சுவரில் போரின் தழும்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

நான் நின்ற அன்றைக்கு மத்தியானம் அந்த வாள் பிடித்தவர் வந்தார். அக்காதான் அழைத்திருந்தாள். கலியாணத்துக்கு வர ஏலாது, முன்னதாகவே பார்த்துவிட்டுப் போவம் என்று கிண்ணியாத் தயிர் முட்டி ஒன்றோடு மூதூர் பஸ்ஸில் வந்திருந்தார். இப்போது அவரை வாளுக்குப் பக்கத்தில் விடுவதில்லை, மரத்தூள் அள்ளி மூட்டை கட்டுகிறார். படி ஏறும்போது கால் படியில் படாமல் வெறுமையில் மிதித்துத் தடுமாறினார். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாதாம். அக்கா முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் உள்ளே வரவில்லை. கதவில் நின்றுவிட்டார். பலகையைத் தடவினார், முன்பு மரத்தைத் தடவியது போலவே, சாண் சாணாக. கறை வந்த இடத்தில் கை நின்றது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மிஞ்சிய கண்ணால் பார்த்தார். சின்னவிரல் நகத்தை ஓட்டைக்குள் விட்டு மூலைகளைத் தேடினார். நான்கு ஓட்டையிலும் அப்படியே செய்தார். பிறகு திரும்பினார். அக்காவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஷெல்லுத் துண்டு சதுரமா இராது புள்ள."

நகத்தில் ஒட்டிய தூளைத் துடைத்தார்.

"நான் கேட்டன் தானே," என்றார்.

திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அக்கா கொடுத்த தேத்தண்ணிக்குக் கையை நீட்டினார், கோப்பைக்கு இந்தப் பக்கம் கை வெறுமையைப் பிடித்தது. இரண்டாம் தரம் பிடித்தார். குடித்துவிட்டு, நாலு மணி பஸ் போய்விடும் என்று எழும்பிப் போனார். தயிர் முட்டி வாசலில் இருந்தது.

அக்கா உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு சின்னத் தகரப் பேணியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே நான்கு ஆணி. ஒன்று பாதியில் அறுந்து பளபளத்தது.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"பெரிய வெள்ளியில ஊரில ஒரு சுத்தியல் சத்தம் கேட்டா ஆருக்குத் தெரியாது? சிலுவைப்பாதையில ஒழுங்கை முடக்கில முழந்தாளில நிண்டனாங்கள். சனம் கோயில் கட்டை எண்டு நினைச்சுது. நான் வள்ளம் கட்டுறவற்ர மகள், இரும்பில இரும்பு படுற சத்தம் எனக்குத் தெரியும். நாலு ஆணி. எண்ணினனான்."

"அப்ப கீல் பூசினது நான்தான் எண்டு..."

"பின்ன ஆர்?"

"மரக்காலையில அந்த மனுசன் கேக்கேக்க உனக்குத் தெரியும்."

"ஓம்."

"ஏன் சொல்லேல்ல?"

கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அதே முகம். உலையில் அரிசி வெந்துவிட்டதா என்று பார்க்கிற முகம்.

"நீயாச் சொல்லுறியோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

முதலில் எனக்கு வந்தது கோபம் அல்ல, ஆறுதல். என்னைவிடக் கொடுமைக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்ற ஆறுதல். வெட்கப்பட வேண்டியதில் அதற்குத்தான் இன்றைக்கும் அதிகம் வெட்கப்படுகிறேன். பேணியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தயிர் புளித்துவிடும் என்று முட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். இரவு சாப்பாட்டுக்கு இருவரும் அந்தத் தயிரைச் சீனி போடாமல் சாப்பிட்டோம்.

அந்த மனிதர் கேட்டது ஒரு கேள்விதான். பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் அவருக்கு முன்னால் நின்றோம்.